தலைகீழ் ஆயக்கட்டு

கம்பெனிகளின் ஜாதகம் – 9

2011 ஜனவரி 28, வெள்ளிக்கிழமை.

சென்னை உயர் நீதிமன்றம் ஓர் உத்தரவு போட்டது. திருப்பூரின் சாயப்பட்டறைகள், பிளீச்சிங் யூனிட்டுகள், அவற்றின் கழிவுநீரை வாங்கிச் சுத்திகரிக்கும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் எல்லாவற்றையும் மூட வேண்டும். மின் இணைப்பையும் துண்டிக்க வேண்டும்.

எழுநூற்றுக்கும் மேற்பட்ட பட்டறைகளுக்குப் பூட்டு விழுந்தது.

நிட்டிங் மிஷினை நிறுத்தச் சொல்லி யாரும் உத்தரவு போடவில்லை. கட்டிங் மேசைக்கோ, பவர் டேபிளுக்கோ, அயர்ன் பெட்டிக்கோ தடை கிடையாது. ஆனாலும் சில நாட்களிலேயே அவையும் ஒவ்வொன்றாகத் தள்ளாடின. பின்னிய துணி சாயத்துக்குப் போக வழியில்லாமல் ரோல் ரோலாகக் குவிந்தது. வெளியூர்ப் பட்டறைகளுக்கு லாரி ஏற்றி அனுப்பியவர்கள், வாடகையும் நாளும் கூடக் கூட ஷிப்மென்ட் தேதியைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார்கள். தைக்கத் துணி இல்லாத டெய்லர்கள் சொந்த ஊருக்குப் பஸ் ஏறினார்கள்.

பட்டறைகளின் எண்ணிக்கை நூற்றுக்கணக்கில்தான். பனியன் கம்பெனிகளோ ஆயிரக்கணக்கில். அங்கே பூட்டினால் இங்கே எப்படி நின்றது?

அப்படியானால் திருப்பூர் முழுக்க ஒரே ஆலையா? ஒரே ஆலை என்றால் முதலாளி யார்?

•••

இதுவரை

போருக்குப் பிந்தைய லண்டனில் டேவிஸ்டாக் நிறுவனம் என்ற ஆய்வு மையம் பிறந்ததையும், உளவியலாளர்கள் சோபாவில் சாய்ந்திருக்கும் நோயாளியை விட்டுவிட்டுச் சுரங்கத்துக்குள்ளும் தறிக்கூடத்துக்குள்ளும் இறங்கியதையும் சென்ற வாரங்களில் பார்த்தோம்.

புது எந்திரம் வந்தும் நிலக்கரிச் சுரங்கத்தில் உற்பத்தி ஏன் ஏறவில்லை என்ற கேள்விக்கு, 1951-ல் எரிக் டிரிஸ்ட்டும் முன்னாள் சுரங்கத் தொழிலாளியான கென் பாம்ஃபோர்த்தும் விடை சொன்னார்கள். எந்திரத்துக்கு இடம் கொடுப்பதற்காக, ஒன்றாக இறங்கி ஒன்றாக ஏறிய சிறு குழுக்களைக் கலைத்துவிட்டார்கள். கலைந்த உறவைச் சரிக்கட்ட எந்திரத்தால் முடியவில்லை.

1953-ல் அகமதாபாத் காலிகோ மில்லில் ஏ.கே. ரைஸ் இதையே திருப்பிச் செய்து பார்த்தார். தானியங்கித் தறிகளைச் சுற்றி ஆளுக்கொரு வேலை என்று சிதறிக் கிடந்தவர்களைச் சிறு குழுக்களாக்கி, குழுவுக்கு ஒரு தொகுதித் தறிகளைப் பொறுப்பாக ஒப்படைத்தார். உற்பத்தி ஏறியது, சேதத் துணி குறைந்தது.

எந்திரமும் மனித உறவும் சேர்ந்ததுதான் ஓர் அமைப்பு என்ற பாடம் அங்கே கிடைத்தது.

இவர்கள் எல்லோருடைய கண்ணும் மதில் சுவருக்கு உள்ளேயே இருந்தது. சுவருக்கு வெளியே எட்டிப் பார்த்த அத்தியாயம் இந்த வாரம்.

•••

நான்கு நிலங்கள்

1965-ல் எரிக் டிரிஸ்ட்டும் ஆஸ்திரேலிய உளவியலாளர் ஃபிரெட் எமரியும் சேர்ந்து ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். சில பக்கங்கள்தான். ஆனால் கம்பெனிகளை வகைப்படுத்தும் பார்வையையே அது திருப்பிப் போட்டது.

உயிருள்ளது எதுவும் திறந்த அமைப்பு என்று உயிரியலாளர் பெர்ட்டலான்ஃபி முன்பே சொல்லியிருந்தார். உள்ளே இரை வரும், வெளியே கழிவு போகும். அந்தப் போக்குவரத்து நின்றால் உயிரும் நிற்கும். கம்பெனியும் அப்படித்தான் என்று பலரும் ஒத்துக்கொண்டிருந்தார்கள். நூல் வரும், துணி போகும்.

எமரியும் டிரிஸ்ட்டும் அடுத்த அடி வைத்தார்கள். வெளியே இருக்கும் உலகத்துக்கும் ஒரு குணம் உண்டு, அது தனக்குள்ளேயே பின்னிப் பிணைந்து கிடக்கிறது, அந்தப் பின்னலைப் படிக்காமல் ஒரு கம்பெனியை எந்த வகையிலும் சேர்க்க முடியாது என்றார்கள்.

தமிழ் வாசகருக்கு இது அந்நியமாகத் தோன்றாது. ஆளைச் சொல்வதற்கு முன்னால் அவன் நிற்கும் நிலத்தைச் சொல்வது நம் திணை மரபு. எமரியும் டிரிஸ்ட்டும் கம்பெனிகளுக்குத் திணை வகுத்தார்கள். அவர்கள் கணக்கில் நிலம் நான்கு. கொங்கு மண்ணிலேயே நான்கையும் காட்ட முடியும்.

முதல் நிலம் மானாவாரி. நல்லதும் கெட்டதும் அங்கங்கே சிதறிக் கிடக்கும். எது எங்கே என்று முன்கூட்டித் தெரியாது. சந்தைக்குச் சந்தை துணி மூட்டை சுமந்து போகும் வியாபாரிக்கு இன்றைய நாள் எப்படியோ அப்படி. திட்டம் போட்டுப் பயனில்லை. கிடைத்த இடத்தில் முடிந்ததைச் செய்வதுதான் வழி.

இரண்டாவது, நீர் கட்டிய நிலம். நல்லது ஓரிடத்தில் திரண்டிருக்கும். அந்த இடத்தைக் கண்டுபிடித்து உட்கார்ந்தவன் பிழைத்தான். 1888-ல் ராபர்ட் ஸ்டேன்ஸ் கோயம்புத்தூரில் முதல் நூற்பாலையை நிறுவினார். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கிணற்றுப் பாசனத்தில் கம்போடியா பருத்தி தழைத்தது. முப்பதுகளில் பைக்காரா மின்சாரம் மலையிறங்கி வந்தது. பருத்தி, மின்சாரம், ஈரப்பதமான காற்று மூன்றும் கூடிய இடத்தில் மில்கள் வரிசை கட்டின. எங்கே இருக்கிறோம் என்பதே அங்கே பாதி வெற்றி.

மூன்றாவது, எதிராளி நிற்கும் நிலம். நம்மைப் போலவே இன்னொருவன் அதே இடத்தைக் குறிவைத்து வருகிறான். நாம் ஓர் அடி வைத்தால் அவன் பதிலடி வைப்பான். சதுரங்கம்தான். 1956-ல் கோயம்புத்தூரில் தென்னிந்திய ஜவுளி ஆராய்ச்சிக் கழகமான சிட்ரா தொடங்கப்பட்ட பிறகு, ஒரு மில்லின் திறனை இன்னொரு மில்லின் திறனோடு ஒப்பிட்டுப் பார்ப்பது வழக்கமானது. பக்கத்து மில்லின் கணக்கு நம் மில்லின் தூக்கத்தைக் கெடுக்கும் காலம் வந்துவிட்டது என்று பொருள்.

நான்காவதுதான் கட்டுரையின் உயிர். அங்கே எதிராளி மட்டும் அசைவதில்லை, காலடி மண்ணே அசைகிறது. ஆளாளுக்கு வைத்த அடிகள் எல்லாம் கூடி, யாரும் நினைக்காத ஓர் அதிர்வை மண்ணுக்குள் கிளப்பிவிடுகின்றன.

இதற்கு அவர்கள் காட்டிய உதாரணம், காய்கறிகளை டப்பாவில் அடைத்து விற்ற ஒரு பிரிட்டிஷ் கம்பெனி. சந்தையில் பெரும்பங்கு அதனிடம் இருந்தது. தைரியமாகப் புதிய தானியங்கி ஆலை கட்டியது. கட்டி முடிப்பதற்குள் தகரத்துக்கு இருந்த கட்டுப்பாடு நீங்கி, சிறு கம்பெனிகள் மலிவாக டப்பா போட ஆரம்பித்தன. உறைய வைத்த காய்கறி கடைக்கு வந்தது. சூப்பர் மார்க்கெட்டுகள் தங்கள் பெயரிலேயே சரக்கு விற்றன. எந்த எதிரியும் அந்தக் கம்பெனியைக் குறிவைத்து அடிக்கவில்லை. நிலம்தான் நகர்ந்துவிட்டது.

பாலை என்று தனி நிலம் கிடையாது, முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு திரிந்தால் அதுவே பாலை என்பார்கள் நம் முன்னோர். நான்காம் நிலமும் அப்படித்தான். மற்ற மூன்றிலும் எல்லோரும் ஒழுங்காகப் பிழைத்துப் பிழைத்தே அது உண்டாகிறது.

திருப்பூரில் அது எப்படி உண்டானது?

•••

ஓர் ஆர்டர் ஊரைச் சுற்றுகிறது

ஓர் ஏற்றுமதியாளரிடம் பத்தாயிரம் டி-ஷர்ட்டுக்கு ஆர்டர் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அவரிடம் ஆபீஸ் இருக்கும், சாம்பிள் போட நாலு மிஷின் இருக்கும், ஒரு மெர்சண்டைசர் இருப்பார். மற்றதெல்லாம் ஊரில்.

நூல் வாங்கி நிட்டிங்குக்கு அனுப்புவார். பின்னிய துணி டெம்போ ஏறிச் சாயப்பட்டறைக்குப் போகும். அங்கிருந்து காம்பாக்டிங்குக்கு. பிறகு கட்டிங். மார்பில் படம் வேண்டுமென்றால் வெட்டிய துண்டுகள் மட்டும் பிரிண்டிங்குக்குப் போய்த் திரும்பும். தையல் பவர் டேபிள்காரரிடம். அவர் தன் பங்குக்கு ஓவர்லாக்கையும் பிளாட்லாக்கையும் பீஸ் ரேட்டில் பிரித்துவிடுவார். செக்கிங், அயர்ன், பேக்கிங். ஒவ்வொரு கைமாற்றத்துக்கும் ஒரு டெலிவரி சலான். அந்தச் சலான்களை ஒரு கம்பியில் கோத்தால் அதுதான் இந்த ஆலையின் கன்வேயர் பெல்ட்.

கோவை மில்லில் ஒரே மதிலுக்குள் நடந்ததை, திருப்பூர் தெருத்தெருவாக விரித்துப் போட்டது.

இது என்ன வகை அமைப்பு? ஆய்வாளர்களைத் திருப்பூர் சும்மா விடவில்லை.

பமேலா காத்தோர்ன் என்ற ஆய்வாளர் எண்பதுகளில் இங்கே களப்பணி செய்தார். அவர் 1990-ல் முடித்த ஆய்வேட்டில் திருப்பூருக்கு வைத்த பெயர் ‘அமீபா முதலாளித்துவம்’. பனியன் கம்பெனி வளர்ந்தால் பெரிதாவதில்லை, பிளந்து இரண்டாகிறது. இரண்டு நான்காகிறது. பெயர்ப் பலகைகள் வேறு; உள்ளே அண்ணன், தம்பி, மாப்பிள்ளை. சின்னச் சின்னதாக இருந்தால் தொழிற்சாலைச் சட்டமும் எட்டிப் பார்க்காது, தொழிற்சங்கமும் திரளாது.

அதற்கு முன்னால் 1984-ல் பஞ்சப்படி கேட்டுத் தொழிலாளர்கள் 127 நாட்கள் வேலைநிறுத்தம் செய்ததை இங்கே நினைவில் கொள்ள வேண்டும். அதன் பிறகு ஏற்றுமதி பெருகப் பெருக, வேலை மேலும் மேலும் ஜாப் ஒர்க்காகப் பிரிந்து போனது.

அடுத்து வந்தவர் ஷரத் சாரி. அவருடைய நூல் 2004-ல் வெளியானது. அவர் அமீபாவைத் தாண்டி மனதுக்குள் போனார். முதலாளிகளில் பலர் காட்டிலிருந்து வந்த கவுண்டர் விவசாயிகள். டேபிளில் உட்கார்ந்து தைத்தவர்கள், கட்டிங் போட்டவர்கள். எப்படி முன்னேறினீர்கள் என்று கேட்டால் எல்லோர் வாயிலும் வந்த ஒரே சொல், உழைப்பு. கூட்டாளியோடு சேர்ந்து, பங்காளி முறையில் கட்டிய இந்த மூலதனத்தைச் சாரி ‘சகோதர மூலதனம்’ என்றார்.

உடலை வைத்து ஒருவர் வகைப்படுத்தினார், மனதை வைத்து இன்னொருவர். இரண்டும் கூர்மையான பார்வைகள்.

ஆனால் 2011-ல் ஊரை நிறுத்தியது அமீபாவும் இல்லை, சகோதரர்களும் இல்லை. உப்பு.

•••

தரகர்

சாயப்பட்டறைக்குள் ஒரு நிமிடம் நிற்போம்.

பருத்தித் துணிக்கு ரியாக்டிவ் சாயம் ஏற்ற வேண்டும். தண்ணீரில் நனைந்த பருத்தி எதிர்மின் தன்மையோடு இருக்கிறது. சாயமும் அதே தன்மை. முகத்தைப் பார்த்ததும் ஒன்றையொன்று விலக்கும் இரண்டு குடும்பங்கள். நடுவில் ஒரு தரகர் வேண்டும்.

அந்தத் தரகர்தான் உப்பு. மூட்டையை அவிழ்த்து மிஷினில் கொட்டுகிறார்கள். கருநீலம், கருப்பு, அடர் சிவப்பு என்றால் துணியின் எடையில் பாதி அளவுக்கு உப்பு போவது சாதாரணம். விலகல் குறைகிறது, சாயம் நூலை நெருங்குகிறது. அப்புறம் சோடா போட்டால் பிடிப்பு உறுதியாகிறது. கல்யாணம் முடிந்தது.

தரகர் வீட்டோடு தங்குவதில்லை. போட்ட உப்பில் துணியோடு தங்குவது எதுவும் இல்லை. அலசுகிற தண்ணீரோடு அத்தனையும் வெளியே போகிறது. ஒரு டன் துணிக்கு அரை டன் உப்பு கால்வாயில்.

கால்வாய் நொய்யலில் சேர்கிறது.

வெள்ளியங்கிரி மலையடிவாரத்தில் புறப்பட்டு, கோவையையும் சூலூரையும் கடந்து, திருப்பூர் நடுவே நுழைந்து, கரூர் மாவட்டத்தில் நொய்யல் என்ற ஊரருகே காவிரியில் கலக்கும் ஆறு அது. மழைக்காலத்தில் மட்டும் நிறைந்து ஓடும் ஆறு. மற்ற நாட்களில் திருப்பூருக்குக் கீழே ஓடியது பட்டறைத் தண்ணீர்தான். அன்றைக்குப் போட்ட ஆர்டர் என்ன நிறமோ ஆறும் அந்த நிறம்.

நிறம் கண்ணுக்குத் தெரிந்தது. அதனால் முதலில் நிறத்தைப் பிடித்தார்கள். தொண்ணூறுகளின் இறுதியில் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் வந்தன. சுண்ணாம்பு போட்டுத் தெளிய வைத்தால் நிறம் குறையும், கசடு அடியில் தங்கும். கரைந்த உப்பு மட்டும் எதற்கும் அசையாமல் தெளிந்த தண்ணீருக்குள்ளேயே உட்கார்ந்திருந்தது. ஏற்கெனவே இருந்ததைவிட ஆபத்து இது. பார்வைக்கு நல்ல தண்ணீர்.

1992-ல் நொய்யலின் குறுக்கே ஒரத்துப்பாளையம் அணை கட்டி முடிக்கப்பட்டது. பாசனத்துக்காகக் கட்டிய அணை. சில ஆண்டுகளிலேயே அது சாயக்கழிவுத் தொட்டியாக மாறியது. அணையைச் சுற்றிய கிணறுகள் உவர்ந்தன. தண்ணீர் திறந்து விடுங்கள் என்று அணை முன்னால் கூடுவதுதான் விவசாயிகளின் வழக்கம். இங்கே திறக்காதீர்கள் என்று கூடினார்கள்.

•••

யாருக்கும் தெரியாமலா?

எல்லோருக்கும் தெரியும்.

பட்டறைக்காரர்களுக்கு முதலில் தெரியும். ஏனென்றால் உவர்ந்த முதல் கிணறு அவர்களுடையது. சாயம் போட நல்ல தண்ணீர் வேண்டும். சொந்தக் கிணறு கெட்டதும் பக்கத்துக் கிராமங்களிலிருந்து டேங்கர் லாரியில் வாங்கினார்கள். பிறகு நாளொன்றுக்கு 18.5 கோடி லிட்டர் ஆற்று நீரைத் தொலைவிலிருந்து குழாயில் கொண்டுவரும் பெரும் திட்டமே நிறைவேறியது. காசு கொடுத்து வந்த அந்த நல்ல தண்ணீரும் உப்பு சுமந்துகொண்டு அதே நொய்யலுக்குப் போனது.

ஏன் யாரும் நிறுத்தவில்லை? பேராசை என்று சொல்லிவிட்டால் வேலை சுலபம். ஆனால் அது விளக்கம் ஆகாது.

ஒரு பட்டறைக்காரரின் இடத்தில் நின்று பாருங்கள். கழிவுநீரிலிருந்து உப்பைப் பிரிக்க முதலில் நுண்சவ்வு வழியே தண்ணீரை அழுத்தித் தள்ள வேண்டும், ஆர்.ஓ. என்கிறோமே, அது. அதில் தேங்கும் கடும் உப்புக் கரைசலைக் கொதிக்க வைத்து ஆவியாக்க வேண்டும். இரண்டுக்கும் கோடிகளில் முதலீடு, விடாத கரண்ட் செலவு. அவர் மட்டும் போட்டால் கிலோவுக்குச் சாயக்கூலி ஏறும். ஏற்றுமதியாளர் அடுத்த தெருவுக்குப் போய்விடுவார். அவருக்கும் வேறு வழியில்லை. 2005 ஜனவரி 1 முதல் உலகத் துணி வணிகத்தில் நாடுகளுக்கான கோட்டா ஒழிந்து, வங்கதேசமும் சீனாவும் நேருக்கு நேர் வந்துவிட்டன.

“நா ஒருத்தன் நிறுத்தி ஆறு வெள்ளையாயிருமாக்கும்?” என்று கேட்பவரை அதட்டலாம். ஆனால் அவர் கணக்கு தப்பில்லை. அவர் ஒருவர் நிறுத்தினால் ஆறு வெள்ளையாகாது. அவர் கடைதான் மூடும்.

இதுதான் மூன்றாம் நிலத்தின் தர்மம். பக்கத்து ஆளைப் பார்த்து அடி வை. அந்தத் தர்மத்தை ஊரே பிசகாமல் கடைப்பிடித்தபோது நான்காம் நிலம் பிறந்தது.

இங்கே ஷரத் சாரி கேட்ட அந்தச் சொல் இன்னொரு வேலையும் செய்திருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. உழைப்பு. என் உழைப்பில் வந்தேன் என்று நம்புகிறவனுக்குத் தன் செயல் ஒவ்வொன்றும் தெளிவாகத் தெரியும். நூலுக்கு நூல் கணக்கு வைத்திருப்பான். ஆனால் எழுநூறு பேரின் செயல் சேர்ந்தால் வரும் கூட்டுத்தொகை எந்த ஒருவனின் நோட்டிலும் வரவாகாது. நொய்யல் யாருடைய உழைப்பாலும் கெடவில்லை. எல்லோருடைய உழைப்பாலும் கெட்டது.

தனிமனித முயற்சியைக் கட்டி எழுப்பிய அதே மனப்பாங்கு, கூட்டு விளைவைப் பார்க்கும் கண்ணை மறைத்தது. உளவியலும் அமைப்பியலும் ஒரே முடிச்சில் மாட்டிக்கொண்ட இடம் இது.

•••

இரண்டு வகைச் சங்கங்கள்

முடிச்சை அவிழ்க்க வந்தவர்கள் ஆற்றின் கீழே இருந்தார்கள்.

2003-ல் உயர் நீதிமன்றத்துக்குப் போன சங்கத்தின் பெயரைக் கவனியுங்கள்: நொய்யல் ஆற்று ஆயக்கட்டுதாரர்கள் பாதுகாப்புச் சங்கம். 2006 டிசம்பரில் உயர் நீதிமன்றம், கழிவுநீர் ஒரு சொட்டும் வெளியேறக் கூடாது என்ற நிலைக்கு வரக் கெடு வைத்தது. பட்டறை உரிமையாளர்கள் உச்ச நீதிமன்றம் போனார்கள். 2009 அக்டோபரில் அங்கும் தோற்றார்கள். கெடுக்கள் கடந்தன. அவமதிப்பு வழக்கு வந்தது. அதன் முடிவுதான் அந்த ஜனவரி வெள்ளிக்கிழமை.

நீதிமன்றத்தில் எதிரெதிரே நின்ற இரண்டு சங்கங்களும் ஒரே வகை இல்லை.

பட்டறைச் சங்கத்தில் சேரப் பட்டறை வேண்டும். உறுப்பினரின் எல்லை அவருடைய மதில் சுவர். சுவருக்கு உள்ளே அவர் ராஜா. சங்கம் என்பது ராஜாக்களின் கூட்டம்.

ஆயக்கட்டில் அப்படியில்லை. அங்கே யார் உறுப்பினர் என்பதைத் தண்ணீர் முடிவு செய்கிறது. வாய்க்கால் பாயும் வயலுக்குச் சொந்தக்காரன் பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும் ஆயக்கட்டுதாரன். தலைமடைக்காரன் மடையைக் கூடுதலாகத் திறந்தால் கடைமடைக்காரன் வயல் காயும் என்பது அவன் பிறந்தபோதே படித்த பாடம். பதின்மூன்றாம் நூற்றாண்டில் பவானியிலிருந்து நொய்யல் வரை வெட்டிய காளிங்கராயன் வாய்க்காலின் நாடு இது. என் செயல் உன் வயலில் போய் முடியும் என்ற அறிவை எழுநூறு வருடமாக மண்வெட்டியோடு சுமந்த நாடு.

அந்த மண்ணிலிருந்து வந்த பிள்ளைகள்தான் திருப்பூரில் பனியன் கம்பெனி வைத்தார்கள். காட்டை விட்டு வரும்போது உழைப்பைக் கொண்டுவந்தார்கள். ஆயக்கட்டை அங்கேயே விட்டுவிட்டு வந்தார்கள்.

டிரிஸ்ட் 1983-ல் மறுபடி இந்த விஷயத்துக்குத் திரும்பினார். நான்காம் நிலத்தில் எந்தக் கம்பெனியும் தனியாகத் தப்ப முடியாது. ஒரே சிக்கலைப் பகிர்ந்துகொள்ளும் எல்லோருக்கும் நடுவே, எல்லோருக்கும் பொதுவாக ஓர் அமைப்பு எழ வேண்டும். மேலிருந்து ஆளாமல், எல்லோரும் திரும்பிப் பார்த்துத் தம் அடியைச் சரிசெய்துகொள்ள ஒரு நடுக்கல் போல அது நிற்க வேண்டும் என்றார்.

திருப்பூரில் அந்த நடுக்கல் ஒரு குழாய் வடிவில் வந்தது.

•••

குழாய்க்குள் பங்காளிகள்

2011 உத்தரவு பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களையும் சேர்த்து மூடியதுதான் திருப்புமுனை.

தனித்தனிப் பட்டறையை மட்டும் மூடியிருந்தால், பிடிபட்டவன் துரதிர்ஷ்டசாலி, தப்பியவன் கெட்டிக்காரன் என்று மூன்றாம் நிலத்து ஆட்டம் தொடர்ந்திருக்கும். நிலையத்தை மூடினால் அதில் இணைந்த எல்லோருக்கும் பூட்டு. முதன்முறையாக, பக்கத்துப் பட்டறைக்காரன் செய்யும் தப்பு என் கதவையும் சாத்தும் என்றாயிற்று.

தமிழக அரசு சுத்திகரிப்பு நிலையங்களுக்காக 200 கோடி ரூபாய் வட்டியில்லாக் கடன் தந்தது. நுண்சவ்வுகளும் ஆவியாக்கிகளும் திருத்தப்பட்டன. பிரித்தெடுத்த தண்ணீர் மட்டுமின்றி, உப்புக் கரைசலும் பட்டறைக்கே திரும்பி அடுத்த துணிக்குப் பயன்பட்டது. தரகரை வழியனுப்பாமல் அடுத்த கல்யாணத்துக்கும் கூட்டி வந்துவிட்டார்கள். ஒவ்வொரு நிலையமாகச் சோதனை ஓட்டம் முடித்துத் திறந்தது. நிலையத்தோடு பட்டறைகளும் திறந்தன. எல்லாம் திறக்கவில்லை, இழுத்துப் பிடிக்க வசதியில்லாத சின்னப் பட்டறைகள் பல அப்படியே போயின.

இப்போது ஒரு நிலையத்தை உற்றுப் பாருங்கள். சாயக்கூலிக்காக ஒருவரோடு ஒருவர் மோதிய பட்டறைக்காரர்களே அதன் பங்குதாரர்கள். யார் எத்தனை லிட்டர் அனுப்பலாம் என்று பங்கு பிரித்திருக்கிறது. ஒவ்வொரு பட்டறையின் வாசலிலும் மீட்டர். மீறினால் கேட்பதற்கு அதிகாரி வரவேண்டியதில்லை, பங்காளி வருவான்.

எங்கேயோ பார்த்த ஏற்பாடு மாதிரி இல்லையா?

பங்கு உண்டு, முறை உண்டு, மடை உண்டு, மடையை மீறினால் கேட்க ஆள் உண்டு. காட்டில் விட்டுவிட்டு வந்த ஆயக்கட்டு திருப்பூருக்கே வந்துவிட்டது. ஆனால் தலைகீழாக. அங்கே வாய்க்காலில் வரும் நல்ல தண்ணீருக்குப் பங்கு. இங்கே குழாயில் போகும் கெட்ட தண்ணீருக்குப் பங்கு.

ஆக, திருப்பூர் ஒரே ஆலையா என்ற கேள்விக்குப் பாதி விடை கிடைத்துவிட்டது. அதன் மதில் நூலில் இல்லை, சலானில் இல்லை, பங்காளி உறவிலும் இல்லை. கழிவுநீர் எதுவரை போகிறதோ அதுவரைக்கும் அந்த ஆலை. 2011-க்கு முன்பு அது கரூர் வரை நீண்டு கிடந்தது. யாரும் ஒத்துக்கொள்ளவில்லை, அவ்வளவுதான்.

•••

மீதிப் பாதி விடையில்தான் சிக்கல்.

ஆயக்கட்டில் கடைமடைக்காரனுக்கும் ஒரு குரல் உண்டு. அவன் வயல் சின்னதாக இருக்கலாம், ஆனால் வாய்க்கால் கூட்டத்தில் உட்கார அவனுக்கு இடம் உண்டு. அந்த இடம்தான் தலைமடைக்காரனின் கையைக் கட்டுகிறது.

இந்தத் தலைகீழ் ஆயக்கட்டில் கடைமடை யார்? உவர்ந்த கிணற்றோடு ஒரத்துப்பாளையத்தில் இருப்பவர், பங்குதாரர் கூட்டத்தில் உட்கார முடியாது. அவருக்கு இருந்த ஒரே மடை நீதிமன்றம். 2011-ல் துணி இல்லாமல் பஸ் ஏறிப் போன பவர் டேபிள் டெய்லர், ஊர் நின்றபோது முதலில் சம்பளம் இழந்தவர், அவரும் எந்தக் குழாயிலும் பங்கு இல்லாதவர். உப்பைப் பிரித்த பிறகு எஞ்சும் கலப்பு உப்பு மூட்டைகள், மறுபடி உதவாமல், கொட்டவும் இடமில்லாமல் நிலையங்களின் கொட்டகைகளில் அடுக்கடுக்காக நிற்கின்றன. அவற்றுக்குப் பங்காளி யார்?

எமரியும் டிரிஸ்ட்டும் நிலத்தை நான்காக வகுத்தார்கள். அந்த நிலத்தில் யாரெல்லாம் உறுப்பினர் என்று வகுக்கும் கோல் அவர்களிடம் இருந்ததா, அல்லது அதற்கு நாம் வேறு யாரிடமாவது போக வேண்டுமா?

(அடுத்த வாரம்)